கிராம சபையில யார் பேசலாம்?

"குடியரசு நாள் கிராம சபையில தலைவரும் வார்டு மெம்பருங்களும்தான் பேச முடியும், மத்தவங்க வேடிக்கை பார்க்கலாம்"னு மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கார். தப்புண்ணே. ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாருமே சபை உறுப்பினர்தான். அரசியலமைப்புச் சட்டத்தோட 243ஆவது பிரிவே அப்படித்தான் சொல்லுது. ஜனவரி 26 மட்டுமில்ல, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2லயும் கூடும். வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாம்.

எங்க ஊர்ல போன தடவை தீர்மான நோட்டுல பாதிப் பக்கத்தைக் காலியா விட்டுட்டு, கீழே கையெழுத்து கேட்டாங்க. எங்க அத்தை கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "முதல்ல எழுதுங்க, அப்புறம் போடறேன்"னுட்டாங்க. சுண்டல் ஆறிப்போச்சு. ஆனா தெருவிளக்குத் தீர்மானம் நோட்டுல ஏறுச்சு.