நிரப்பச் சொல்லி அனுப்புற படிவத்துக்கு எதுக்குய்யா பூட்டு?

"இன்று மாலைக்குள் பூர்த்தி செய்து அனுப்பவும்"னு ஒரு பிடிஎஃப் படிவம். பெயர் கட்டத்துல கிளிக் பண்ணா கர்சரே வரல. முகவரி? வரல. தேதி? அதுவும் வரல. தொலையுது, பிரிண்ட் எடுத்துக் கையால எழுதலாம்னா பிரிண்ட் பட்டன் மங்கிக் கிடக்கு. காப்பி பண்ணி வேர்டுல ஒட்டலாம்னா, தடை. நிரப்பவும் விடாம அச்சடிக்கவும் விடாம ஒரு படிவத்தை அனுப்பினா அதை வெச்சு என்ன செய்யறது? ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் பிரிண்ட் போட்டு, எழுதி, ஸ்கேன் பண்ணி அனுப்பினா "தெளிவாக இல்லை"ன்னு திரும்பி வரும்!

இத்தனைக்கும் இதைச் சரியா செய்ய ஒரு நிமிஷம் போதும். லிப்ரே ஆபீஸ்னு வேர்டு மாதிரி ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதுல 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்' போனா 'செக்யூரிட்டி' டேப். அதுல ரெண்டு பாஸ்வேர்ட் உண்டு: ஒண்ணு கோப்பைத் திறக்க, இன்னொண்ணு அனுமதிகளுக்கு. ரெண்டாவதைப் போட்டாதான் கீழே இருக்கிற அனுமதிகள் உயிர் பெறும். அங்கே மாற்றங்களுக்கான இடத்துல 'நாட் பெர்மிட்டட்' தேர்ந்தெடுத்தா படிவக் கட்டங்களும் சேர்ந்தே உறைஞ்சு போகும். கட்டங்களை மட்டும் நிரப்ப விடற 'ஃபில்லிங் இன் ஃபார்ம் ஃபீல்ட்ஸ்'னு தனியா ஒரு தேர்வு அங்கேயே இருக்கு, அதைத் தொட ஆளில்லை. பார்வையற்றவங்களுக்குத் திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டற ஸ்கிரீன் ரீடர் படிக்கிறதுக்குன்னு ஒரு டிக் இருக்கு, அதையும் எடுத்து விட்டுடறாங்க. அவங்க என்ன பாவம் பண்ணாங்க?

சரி, இவ்வளவு பூட்டினாங்களே, கோப்பு பத்திரமா இருக்கான்னா அதுவும் இல்லை. திறக்கும் பாஸ்வேர்ட் போடாத கோப்பை எந்த மென்பொருளும் காலி பாஸ்வேர்டை வெச்சே திறந்துடும். உள்ளே இருக்கிறது முழுசா அதோட கைக்கு வந்துடுது. அதுக்கப்புறம் 'அச்சடிக்காதே', 'மாத்தாதே'ங்கிறதெல்லாம் வெறும் குறிப்பு. நல்ல மென்பொருள் மதிக்கும், மத்தது மதிக்காது. க்யூபிடிஎஃப்னு ஒரு இலவசக் கருவி, அதுல 'டிக்ரிப்ட்'னு (பூட்டை எடுன்னு அர்த்தம்) ஒரே ஒரு கட்டளை கொடுத்தா அத்தனை தடையும் போயிடும், பாஸ்வேர்டே கேட்காது. திருத்தணும்னு நினைக்கிறவன் திருத்திட்டுப் போயிடுவான். மாட்டிக்கிட்டு முழிக்கிறது ஒழுங்கா நிரப்பி அனுப்ப நினைக்கிறவன்தான்.

உண்மையிலேயே ரகசியம்னா திறக்கும் பாஸ்வேர்டை நீளமா போடுங்க. அதைக் கோப்பு போற அதே மெயில்ல எழுதாம போன்ல சொல்லுங்க. நிரப்ப வேண்டிய படிவத்துக்கு எந்தப் பூட்டும் வேண்டாம். அனுப்பறதுக்கு முன்னாடி வேற ஒரு கம்ப்யூட்டர்ல திறந்து ஒரு கட்டத்தையாவது நிரப்பிப் பாருங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

அப்புறம் விண்ணப்பத்தோட அப்லோட் பண்ணச் சொல்ற அந்த போட்டோ! 20 கேபிக்குக் குறையக்கூடாது, 50 கேபியைத் தாண்டக்கூடாது, ஆனா முகம் தெளிவா தெரியணுமாம். அதைச் சுருக்கற வேலையை உங்க சர்வரே செஞ்சா என்னய்யா?