ஆயுதம் பறித்ததைப் பற்றியும் எழுதுங்கள்

கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை முற்றுகை பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதோடு கதையை முடித்துவிட்டீர்கள். அதுவும் பழி முழுக்க எட்டயபுரத்தின் தலையில்! கும்பினிப் படையோடு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு, எட்டயபுரத்தார் போனது உண்மைதான். சரி, காட்டில் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்கள் இல்லையா? அதை ஏன் ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள்?

ஆளைப் பிடித்ததைவிட ஆயுதத்தைப் பிடுங்கியதுதான் பெரிய வேலை. கும்பினிப் படைத் தளபதி பானர்மேன் பாளையக்காரர்களைக் கூட்டி, கோட்டைகளை இடிக்கச் சொன்னார். துப்பாக்கி, வேல், ஈட்டி எதுவும் கையில் இருக்கக் கூடாது, மீறினால் மரண தண்டனை என்றார். நம்ம பக்கம் ஊர்க்காவல் பார்த்தவனுக்கு வேல்கம்புதான் பிழைப்பே. அதைக் கொடு என்றால் எவன் மனசோடு கொடுப்பான்?

கொடுக்கவில்லை என்பது 1801 பிப்ரவரியில் தெரிந்துவிட்டது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். சில நாளிலேயே, பாஞ்சாலங்குறிச்சியில் இடித்துத் தள்ளிய இடத்தில் மண்கோட்டை மறுபடி நின்றது. மார்ச் கடைசியில் மோதிய கும்பினிப் படை, இடிந்த சுவர் வழியே ஏறப் பார்த்து, உள்ளிருந்து நீட்டிய நீள வேல்களில் குத்துப்பட்டுத் திரும்பியது. கும்பினித் தளபதி அக்னியூ கூடுதல் படையோடு வந்து மே 24-ல்தான் கோட்டையைப் பிடித்தார். அப்போதும் ஊமைத்துரை சிக்கவில்லை, சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்துகொண்டார்.

அப்புறம், அந்தச் சண்டைகளில் செத்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் ஒட்டப்பிடாரம் பக்கம் இருக்கின்றன. அடுத்த கட்டுரையில் அந்தப் படத்தையும் போடுங்கள்.