பார்க்க மட்டும்தானே செய்தான்!

நேற்று என் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது எதற்கென்று தெரிந்திருக்கும். ‘ஃபாலோயிங்’ என்ற தென்கொரியப் படத்தைப் பற்றி நாலு வரி எழுதினேன். “பாவம்ங்க அவன், பார்க்க மட்டும்தானே செய்தான்” என்று ஒரு அண்ணன் எழுத, அதற்கு 27 லைக்.

சரி, என்ன செய்தான்? கூ ஜங்-டே ஒரு வீட்டுத் தரகன். நம்பிக் கொடுத்த சாவியை வைத்துக்கொண்டு ஆள் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் போய் வருவது அவனுக்குப் பொழுதுபோக்கு. தேட மாட்டார்கள் என்று தெரிந்த ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொள்வான். பதிலுக்கு ஏதாவது பழுது பார்த்துவிட்டு வருவான். ஹான் சோ-ரா இன்ஃப்ளூயன்சர். கடையில் சாசேஜைக் கடித்துக்கொண்டே வீகன் சாலட் படம் போடுகிறவள். அவளை 152 நாள் கவனிக்கிறான். கடைசியில் அவள் வீட்டு சோபாவிலேயே அவளைப் பிணமாகப் பார்க்கிறான்.

இதில் நம் ஆட்களுக்கு உறுத்துவது எது தெரியுமா? சாசேஜ்! “அவள் மட்டும் யோக்கியமா?” என்று எத்தனை பேர். சாசேஜ் தின்றது மோசடியாம், பூட்டைத் திறந்து நுழைந்தது ஆர்வக்கோளாறாம்.

நானும் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன், மறுக்கவில்லை. ஜங்-டேயாக நடித்த பியோன் யோ-ஹான் அவ்வளவு இதமான குரலில் தன் பக்க நியாயத்தைச் சொல்லிக்கொண்டே அடுத்தவர் வீட்டுக்குள் போகிறார். அந்தக் குரல்தான் அங்கே நகைச்சுவையே. அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டால் இயக்குநர் கிம் செ-ஹ்வி என்ன செய்வார், பாவம். அவருக்கு இது முதல் படம்.

“அவள் கொலைகாரி ஆயிற்றே?” (படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும், கமெண்டிலேயே போட்டு உடைத்துவிட்டார்கள்.) ஆமாம், கொலைகாரிதான். அதனால் அவன் கையில் இருந்த சாவி யோக்கியமான சாவி ஆகிவிடுமா?

“சினிமாவை சினிமாவாகப் பாருங்கள் மேடம்.” பார்க்கலாம். ஆனால் அந்தப் படம் வந்த ஊர் எது? 30 விடுதிகளில் ரகசியக் கேமரா வைத்து, ஏறத்தாழ 1,600 பேரைப் படம் பிடித்து இணையத்தில் ஓட்டியது 2019இல் அம்பலமான ஊர். பின்தொடர்வதைத் தண்டிக்க 1999இல் முதல் மசோதா வந்து, சட்டம் நடைமுறைக்கு வர 2021 அக்டோபர் ஆன ஊர். 22 வருஷம்! அத்தனை வருஷமும் யாரோ சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள், பார்க்க மட்டும்தானே செய்தான் என்று.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இன்பாக்ஸில் கேட்ட தங்கைக்காக இதைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாடி போர்ஷன் ஒன்றில் தனியாக இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் வந்தால், மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாய் ஒழுகவில்லை. கொடியில் நான் காயப்போட்டிருந்த துணி மடித்து கட்டிலில் இருந்தது. எல்லாத் துணியும். வீட்டுக்காரர் கீழே நின்று, “சரி பண்ணிட்டேன்மா” என்று சிரித்தார். மாற்றுச் சாவி இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் சொன்னேன். “எதுவும் காணாமப் போச்சா?” என்றாள். இல்லை. “அப்புறம் என்னடி, நல்ல மனுஷன்தானே, குழாயைச் சரி பண்ணியிருக்காரு.” அந்த மாசமே காலி செய்தேன். பெயிண்ட் அடிக்கணும் என்று அட்வான்ஸில் ஒரு மாச வாடகையைப் பிடித்துக்கொண்டார் அந்த நல்ல மனுஷன்.

எல்லா ஆண்களையும் சொல்கிறேனா என்று இனி ஒருவர் வருவார். வாருங்கள், இன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. அந்த 27 பேரில் மூன்று பேர் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அதில் ஒருத்திக்கு இந்தக் குழாய்க் கதை முழுதாகத் தெரியும். அன்றைக்கு என்னோடு வந்து சாமான் ஏற்றியவளே அவள்தான். அவளும் லைக் போட்டிருக்கிறாள்.