அம்மா தனியாகப் போய் வரும் தூரம்

சென்னை மேற்கு மாம்பலத்தில் இருந்தவரை அம்மாவுக்கு வெளியே போக யார் துணையும் தேவைப்பட்டதில்லை. காலையில் கோதண்டராமர் கோயில், திரும்பும்போது கையில் ஒரு கட்டு கீரை. சாயங்காலம் ஆரியகவுடா சாலையில் அயோத்தியா மண்டபம். தாம்பரத்தில் இருக்கும் சித்தியைப் பார்க்கத் தோன்றினால் மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் மின்சார ரயில் ஏறிவிடுவாள். எல்லாமே பத்து, பதினைந்து நிமிட நடை. அப்போது அவளுக்கு எழுபது வயது.

மூன்று வருடத்துக்கு முன் தெற்குப் புறநகரில் ஊரப்பாக்கம் பக்கம் ஃப்ளாட் வாங்கி வந்தோம். மாம்பலத்தில் வாடகை கொடுத்து மாளவில்லை, அங்கேயே வாங்க வழியும் இல்லை. வந்த மூன்றாவது மாதமே அம்மா வெளியே போவதை நிறுத்திவிட்டாள். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. காலுக்கும் ஒன்றும் இல்லை.

பஸ் நிறுத்தம் எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் தெரியும். நேராகப் போனால் அறுநூறு மீட்டர் இருக்கலாம். ஆனால் நேராகப் போக முடியாது. எங்கள் குடியிருப்பைச் சுற்றிச் சுவர், பக்கத்து மனைப்பிரிவைச் சுற்றி இன்னொரு சுவர். முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. அந்தச் சாலையில் நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் மூடாத மழைநீர்க் கால்வாய், மறுபக்கம் தண்ணி லாரி. நானே இருட்டிய பிறகு அதில் நடப்பதில்லை.

2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மனதாரப் பாராட்டுகிறேன், எத்தனையோ பெண்களை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்த திட்டம் அது. ஆனால் இலவசப் பஸ் வரை போய்ச் சேர அம்மா ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது. திரும்பி வர இன்னொரு எண்பது. இந்தக் கணக்கைத்தான் யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நாம் எப்போதும் பெரிய வேலையைச் செய்துவிட்டு, ஆள் நடந்து வந்து சேரும் கடைசித் துண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. எண்பது ஏக்கருக்கும் மேல். ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் மின்சார ரயில் பாதை ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. தென் மாவட்டங்களிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கியவர்கள் பெட்டியும் பிள்ளையுமாக வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயில் பிடிக்க முடிந்தது. பீச்சிலிருந்து மேம்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயில் கதையும் இதேதான். 2007-ல் வேளச்சேரி வந்தது. பரங்கிமலை வரை நீட்டும் ஐந்து கிலோமீட்டர் வேலை 2008-ல் தொடங்கி, ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் நிலத்துக்காகப் பத்து வருடத்துக்கும் மேல் நின்றது.

மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய். வரட்டும், வேண்டும். அதை எதிர்ப்பவன் இல்லை நான். ஆனால் நிலையத்தின் படிக்கட்டில் இறங்கியதும் நடைபாதை முடிந்துபோனால், அங்கிருந்து வீட்டுக்குப் போக பைக்தான் வேண்டும். பைக் வாங்கியவர் ஒரு மாதத்தில் ஆபீஸுக்கும் அதிலேயே போய்விடுவார்.

நடைபாதை போடாததற்குச் செலவைக் காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குமான கொள்கையைக் கொண்டுவந்தது. பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை போட்டபோது வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. இன்று சாயங்காலம் போய்ப் பாருங்கள், குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அது தி.நகரில் முடியும் என்றால் எங்கள் பக்கத்து நெல்லிக்குப்பம் சாலையில் ஏன் முடியாது? ஜனம் இருப்பது இங்கேதான். 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். அரக்கோணம் வரை போகிறது. எல்லைக்கோட்டை வரைபடத்தில் நீட்டியாயிற்று. அதற்குள் இன்னும் எத்தனை மனைப்பிரிவுகள் வரும், ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுவர் எழுப்பிக்கொண்டால் அங்கே வயதானவர்கள் எப்படி வாழ்வார்கள்?

மாம்பலமும் ஒரு காலத்தில் ஊருக்கு வெளியேதான் இருந்தது. அங்கே ஏரி இருந்ததற்கு லேக் வியூ ரோடு என்ற பெயர்தான் மிச்சம். பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது; அந்தத் தடத்தின் இரு பக்கமும் தெருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்ந்தன. சந்து, குறுக்குச் சந்து என்று எதில் நுழைந்தாலும் ஸ்டேஷனுக்கு வெளியே வந்து நிற்கலாம். அந்தச் சந்துகளின் அருமை எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பின்பக்கச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன கேட் வைத்தால் பஸ் நிறுத்தம் அறுநூறு மீட்டராகிவிடும். நடுவில் இருக்கும் மனைப்பிரிவுக்காரர்கள் தங்கள் பக்கமும் திறக்கச் சம்மதித்துவிட்டார்கள். எங்கள் குடியிருப்புக்காரர்கள்தான் பாதுகாப்பு போய்விடும் என்கிறார்கள். பகலில் மட்டும் திறந்து வைப்போம், காவலர் ஒருவரைப் போடுவோம், என் பங்குக்கு மேல் பணம் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்லி எண்ணுகிறார்கள். எங்கள் பிளாக்கில் இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து வந்துவிடுங்கள். அம்மாவும் வருகிறாள்.