"முகாம் பையன்" என்று சொன்னவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியராக, இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் அந்தத் தம்பியின் பெயரைச் சொன்னதும் "முகாம் பையனா? அவன் மேல கேஸ் இருந்துச்சே, அவங்கல்லாம் திருந்த மாட்டாங்க" என்று ஒரு குரல் வந்தது. அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பதினெட்டு வயதில் ஓர் அடிதடியில் மாட்டினார், உண்மை. ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இப்போது பெயிண்ட் வேலைக்குப் போகிறார். போன கிறிஸ்துமஸுக்கு ஆலயத்தின் உள்சுவர் முழுக்க அவர்தான் அடித்தார், ராத்திரி ராத்திரியாக, கூலி வாங்காமல். நான் சாவியோடு போனபோது பீடத்துக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத மூலையில் உட்கார்ந்து பட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். "அங்க யாருப்பா பார்க்கப் போறா?" என்றேன். "ஓதம் அங்கதான் அண்ணா முதல்ல ஏறும்" என்றார்.

சுவரைத் தொட விட்டோம். பிள்ளைகளுக்கு ஒரு வசனம் சொல்லிக்கொடுக்க விட மாட்டோமா?

முகாம், முகாம் என்கிறீர்களே, அவர் பிறந்ததே இங்கேதான். 1990-இல் அவருடைய அப்பாவும் அம்மாவும் இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கினார்கள். 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கிறிஸ்தவர்களைச் சேர்த்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரையே மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அரசாங்கமே மாற்றிய வார்த்தையைச் சபை மாற்றக் கூடாதா?

"பிள்ளைகள் விஷயம், பாதுகாப்பு பார்க்கணும்" என்பீர்கள். சரி, நியாயமான கேள்விதான். அப்படியானால் எல்லா ஆசிரியர்களையும் கேளுங்கள். என்னைக் கேட்டதுண்டா? இதற்குமுன் ஒருவரையாவது கேட்டதுண்டா? "1991 மறந்துபோச்சா" என்று இன்பாக்ஸில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதை யாரும் மறக்கவில்லை. அன்று இவர் பிறக்கவே இல்லை. அதற்கு மேல் என்ன பதில் சொல்ல?

வேதத்தில், தமஸ்குவில் இருந்த அனனியா என்ற சீஷனும், விசுவாசிகளைத் துன்புறுத்திய சவுலைப் பற்றி இதே கேஸைத்தான் எடுத்து வைத்தான். இந்த மனுஷன் உம்முடைய பரிசுத்தவான்களுக்கு எவ்வளவு பொல்லாங்கு செய்தான் என்று கேட்டிருக்கிறேனே, ஆண்டவரே என்றான். போ என்றுதான் பதில் வந்தது. போனான். சவுல் இன்னும் ஞானஸ்நானம்கூட எடுக்கவில்லை, திருந்திவிட்டான் என்பதற்கு ஊருக்குத் தெரிந்த சாட்சி ஒன்றும் இல்லை. ஆனாலும் தலைமேல் கைவைத்து அனனியா சொன்ன முதல் வார்த்தை "சகோதரனாகிய சவுலே". நாம் ஒன்பது வருடம் பார்த்தபிறகும் "பையன்" என்கிறோம்.

"அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்ற வசனத்தை என் பிள்ளைக்கு நான் எப்படி மனப்பாடம் செய்ய வைப்பேன்?

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா பன்னிரண்டு வருடம் குடித்தார். அம்மாவின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போய்த் திரும்பவே இல்லை. ஒரு ஞாயிறு வேட்டி நிற்காமல் ஆலய வாசல்படியில் உட்கார்ந்திருந்தவரைக் கையைப் பிடித்துத் தூக்கி, உள்ளே கூட்டிப் போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தார் ஒரு பெரியவர். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் வீட்டுக்கு வந்து கூட்டிப் போனார். அப்பா பிறகு சாகும்வரை குடிக்கவில்லை. நம் சேகரக் கமிட்டியில் ஆறு வருடம் இருந்தார்.

ஐயா, அந்தப் பெரியவர் நீங்கள்தான். உங்கள் குரல்தான் ஞாயிற்றுக்கிழமை கேட்டது. கோபத்தைவிட எனக்கு வலிதான் அதிகம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் உங்களுக்காக ஜெபம் பண்ணுகிறோம்.

இன்று காலை அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, அடுத்த கூட்டத்துக்கு என்னோடு வரச் சொன்னேன். என்றைக்கு என்று தேதி கேட்டார். "அன்னிக்கு ஆள் கணக்கெடுக்கச் செக்கிங் வந்துட்டா முகாம்லதான் இருக்கணும் அண்ணா" என்றார்.