அந்த லாரி எங்கே போகும்?
பாதாளச் சாக்கடை இல்லாத பேரூராட்சிக்குச் சுத்திகரிப்பு நிலையம் வீண் செலவு என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. செங்கல்பட்டு மாவட்டக் கருங்குழியைப் பாருங்கள். 2017இல் அங்கே கழிவுக் கசடு, அதாவது வீட்டு செப்டிக் டேங்கில் தேங்கும் மலக்கழிவு, சுத்திகரிப்பு நிலையம் வந்தது. பக்கத்து மதுராந்தகத்துக்கும் அதுதான். செப்டிக் டேங்க் லாரி கொண்டுவரும் கசடை மணலும் ஜல்லியும் பரப்பிய தொட்டியில் ஊற்றிக் காயவைக்கிறார்கள். வடியும் நீருக்குத் தனிச் சுத்திகரிப்பு. முக்கால்வாசி வேலையை வெயிலே பார்த்துவிடுகிறது!

இது இல்லையென்றால் அந்த லாரி எங்கே போகும்? எங்கள் ஊரில் ராத்திரி 11 மணிக்கு மேல் ஏரிக் கால்வாயில் திறந்துவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். காலையில் அதே தண்ணீரில்தான் மாடு குளிப்பாட்டுவோம். சரி, நிலையம் கட்டினால் மட்டும் போதாது. ஊரைவிட்டு ரொம்பத் தள்ளி வைத்தால், டீசல் செலவுக்குப் பயந்து லாரிக்காரர் மறுபடி கால்வாய்ப் பக்கம்தான் வண்டியைத் திருப்புவார்.