ஒரு செட் போடுகிறவர் சோம்பேறி இல்லை

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதனால் இங்கே மறுபடி போடவில்லை. ஜிம்மில், காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் இயந்திரத்தில் ஒரே ஒரு செட் (இடைவிடாமல் ஒரு சுற்று) போட்டுவிட்டு எழுந்து போகிற பெரியவரை அவருக்கே தெரியாமல் படம் பிடித்து, "இதுக்கு வீட்லயே இருந்திருக்கலாம்" என்று எழுதி ஓடவிட்டிருக்கிறார்கள். என் நட்பு வட்டத்திலேயே பலர் அதற்குச் சிரித்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு வலித்தது. நானும் ஆண்டுக்கணக்காக அப்படித்தான் பயிற்சி செய்கிறேன்.

சிரித்தவர்கள் இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள். கடைசி ரெப்பில், அதாவது கடைசித் தள்ளலில், பலகை பாதியில் நின்றுவிடுகிறது. தொடை இரண்டும் நடுங்குகிறது. மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இன்னும் தள்ளிப் பார்க்கிறார், நகரவில்லை, அப்புறம்தான் அதை மெதுவாக இறக்குகிறார். ஃபெயிலியர் என்றால் இதுதான். வலிக்கிறது என்று நிறுத்துவது வேறு, இனி ஒரு ரெப் கூட ஏறாது என்கிற இடம் வரை போவது வேறு. உங்கள் மூன்று செட்டில் ஒன்றாவது அந்த இடம் வரை போயிருக்கிறதா?

ஃபெயிலியர் வரை ஒரே ஒரு செட் என்பது யாரோ நேற்று கண்டுபிடித்த குறுக்குவழியும் இல்லை. நாட்டிலஸ் உடற்பயிற்சி இயந்திரங்களைக் கொண்டுவந்த ஆர்தர் ஜோன்ஸ் 1970களிலேயே இதைத்தான் சொன்னார். பாடிபில்டர் மைக் மென்ட்சர் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தார். டோரியன் யேட்ஸ் வார்ம்-அப் முடித்துவிட்டு, பெரும்பாலான பயிற்சிகளில் உயிரைக் கொடுத்து ஒரே ஒரு செட் போடுவார்; 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை பாடிபில்டிங்கின் உச்சப் பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவை வென்றவர் அவர். "அவங்க எல்லாம் தசை ஏத்துற மருந்து எடுத்தவங்க" என்று உடனே வருவீர்கள். சரி, அதே மேடையில் அவர்களோடு நின்று இருபது செட் போட்டவர்கள் மட்டும் என்ன எடுத்தார்களாம்?

"ஆராய்ச்சி எல்லாம் பல செட்தான் நல்லதுன்னு சொல்லுது" என்பது அடுத்தது. இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. தசை பெருக்க வேண்டுமென்றால் செட் கூடக்கூடப் பலனும் கூடும். ஆனால் 2019-இல் உடற்பயிற்சி ஆய்வாளர் ஷோன்ஃபெல்ட் குழுவினர் ஏற்கெனவே பயிற்சியில் இருந்த ஆண்களை வைத்து எட்டு வாரம் நடத்திய ஆய்வையும் முழுதாகப் படியுங்கள். ஒரு செட், மூன்று செட், ஐந்து செட் என்று மூன்று பிரிவு, வாரம் மூன்று நாள். தசை வளர்ச்சியில் அதிக செட் போட்டவர்கள் முந்தினார்கள். பெஞ்ச் பிரஸ் (படுத்து எடையைத் தள்ளுவது), ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) வலிமையிலோ மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒரு செட் பிரிவுக்கு ஒரு நாளைக்கு ஆன நேரம் சுமார் 13 நிமிடம். பதின்மூன்றே நிமிடம்! அந்தப் பெரியவர் என்ன, மேடை ஏறிப் போட்டிக்கா நிற்கப் போகிறார்? அவருக்கு வேண்டியது மாடிப்படி ஏறுகிற கால்.

எனக்கு இந்த முறை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தபோது அவரைத் திருப்பிப் படுக்க வைக்க, தூக்கி உட்கார வைக்க நான்தான். அக்கா வந்து பார்த்துக்கொள்ளும் கொஞ்ச நேரத்தில் ஜிம்முக்கு ஓடுவேன். கால், நெஞ்சு, முதுகு, தோள், ஒவ்வொன்றுக்கும் ஒரு செட், முடிகிற வரை தள்ளிவிட்டுத் திரும்பி ஓடி வருவேன். அங்கிருந்த ட்ரெய்னர் பத்துப் பேர் முன்னால், "ஒழுங்கா பண்ண முடியலன்னா எடத்தையாவது அடுத்தவங்களுக்கு விடுங்க" என்றார். அன்று பதில் பேசவில்லை. ஆனால் அப்பாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போது என் இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் இருந்ததென்றால் அதற்கு அந்த ஒற்றைச் செட்டுகள்தான் காரணம் என்று நம்புகிறேன். இதைச் சோம்பேறித்தனம் என்று யார் சொன்னாலும் ஏற்க மாட்டேன்.

"காயம் பட்டுடும்" என்கிறவர்களுக்கு: ஆள் துணையில்லாமல் தோளில் பார்பெல் கம்பி வைத்துச் செய்யும் ஸ்குவாட்டில் ஃபெயிலியர் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இயந்திரத்தில் செய்யலாம், எடையை மெதுவாக இறக்கலாம், வார்ம்-அப் கட்டாயம். அவ்வளவுதான், இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

உண்மையில் எனக்கு இந்தச் செட் கணக்கு கூடப் பெரிதில்லை. ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடியாதவருக்கு உடம்பே கிடையாது என்பது போல நடத்துகிறீர்கள் பாருங்கள், அதுதான் ஆறவில்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மா, இரவு வேலைக்குப் போகிறவர், எழுபது வயதில் முதல் தடவையாக இரும்பைத் தொடுகிறவர், இவர்கள் எல்லாம் உங்கள் கேமராவைப் பார்த்தபின் உள்ளே வருவார்களா? நேற்று இரவு ஒரு தங்கை உள்பெட்டியில் கேட்டார்: "வாரம் ரெண்டு நாள், இருபது நிமிஷம்தான் கிடைக்குது அண்ணா, போனா சிரிப்பாங்களா?" போம்மா, தாராளமாகப் போ. யாராவது போனைத் தூக்கினால் அங்கேயே நிறுத்தச் சொல், நிறுத்தாவிட்டால் நிர்வாகத்திடம் எழுதிக் கொடு.